ஸ்வெட்டர் பின்னல்: தினம் கொஞ்சமா, வீட்டு வேலை முடிந்த பிறகா?

பருவம் மாறும்போது வீட்டில் வேலை குவிகிறது. போர்வைகளை வெயிலில் காயவைக்க வேண்டும், திரைச்சீலைகளைத் துவைக்க வேண்டும், அலமாரிகளை ஒழிக்க வேண்டும். குளிர் வருவதற்குள் ஸ்வெட்டரும் முடிய வேண்டும். இரண்டு வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறேன்.

வேலைகளை முடித்துவிட்டு மொத்தமாக உட்கார்ந்தால் மனம் ஒருமைப்படும். கழுத்து வளைவு போல எண்ணிக்கை தவறக்கூடாத பகுதிக்கு இது நல்லது. ஆனால் வீட்டு வேலை எப்போது முடிந்திருக்கிறது? பல வாரம் கழித்து ஊசியை எடுத்தால் நூலை இழுக்கும் கையின் இறுக்கமும் மாறிவிடுகிறது. 10 செ.மீ.க்கு 20 கண்ணி (பின்னலில் விழும் ஒவ்வொரு நூல் வளையம்) என்று கணக்கிட்டால், 200 கண்ணியில் மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வரும். கை தளர்ந்து அது 19 ஆகிவிட்டால், அதே 200 கண்ணி 105 செ.மீ.யைத் தாண்டிவிடும். உழைத்துப் பின்னியதைப் பிரிக்கும்போது நெஞ்சு வலிக்கும்.

தினம் அரை மணி நேரம் பின்னினால் இறுக்கம் பெரிதாக மாறாது. துவைக்கும் இயந்திரம் ஓடும் நேரத்திலேயே ஸ்வெட்டரின் கைப்பகுதியில் சில வரிசைகள் ஏறிவிடும். வரிசையின் நடுவில் மட்டும் எழுந்துவிடாதீர்கள். அந்த இடத்துக் கண்ணிகள் இழுபட்டுத் தடம் விழும். ஈரக்கையோடு நூலைத் தொடவும் வேண்டாம்.

என் தேர்வு தினம் கொஞ்சமாகப் பின்னும் இந்த வழிதான். கழுத்துப் பகுதி வரும்போது மட்டும் ஒரு முழு மதியத்தை ஒதுக்கிவிடுகிறேன். அன்று அலமாரிப் பக்கமே போவதில்லை.