எட்ஜ் மென்பொருள்: பசுமை வீடு வரைபவர்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி (சர்வதேச நிதிக் கழகம்) இலவசமாகத் தரும், கட்டடம் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று கணக்கிடும் எட்ஜை, வரைபடம் பென்சில் நிலையில் இருக்கும்போதே திறந்துவிட வேண்டும். வழக்கமான கட்டடத்தைவிட ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருளுக்குள் அடங்கிய ஆற்றல் மூன்றிலும் தலா 20% மிச்சம் காட்டினால்தான் சான்றிதழ்.

பலரும் சறுக்குவது நட்சத்திரக் குறியிட்ட, உண்மை அளவைக் கட்டாயம் நிரப்ப வேண்டிய வரிகளில். சன்னல்-சுவர் விகிதம் அப்படி ஒன்று. 100 சதுர மீட்டர் வெளிச்சுவரில் சன்னல் 35 சதுர மீட்டர் என்றால் 35% என்றே போட வேண்டும், மிச்சம் அடிவாங்கினாலும். சன்னல் சட்டத்தை (ஃபிரேம்) விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் அளந்தால் கணக்கே தப்பு.

ஏசி இல்லாத வீட்டுக்கும், ஏசி இருந்தால் எவ்வளவு செலவாகும் என்று 'மெய்நிகர் ஆற்றல்' என்ற பெயரில் குளிர்விப்புக் கணக்கு ஏறும். அதில் காட்டும் மிச்சம் மின்கட்டண ரசீதில் வராது. வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!

எந்த அறை எத்தனை மணிக்குக் கொதிக்கும் என்று இதில் பார்க்க முடியாது. அதற்கு, மணிக்கு மணி வெப்பத்தைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருள்தான்.