கிணற்றில் கிடைத்த விக்கிரகமும் கைப்பேசியில் பேசும் அப்பாவும்

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, அப்பாவின் பழைய கடிதங்களையும் ஒலிநாடாக்களையும் ஒரு செயலிக்குக் கொடுத்து அவருடைய குரலிலேயே பேச வைத்துவிட்டான். அப்பாவோ திருகோணமலையில், உவர்மலை வீட்டு விறாந்தையில், சாய்மனைக்கதிரையில் இருக்கிறார். மூன்று வருடமாக மறதி நோய். என் பெயர் சில நாள் வாயில் வரும், பல நாள் வராது. "கதையெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது அக்கா, இனி அப்பா இதுதான்" என்று தம்பி அழுதான். இரண்டில் யார் அப்பா என்று யோசித்து யோசித்து, நான் கதிரையில் இருப்பவர் பக்கம் வந்து சேர்ந்தேன்.

தம்பியின் கட்சிக்கும் வலு உண்டு. இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவனின் உடலுக்குள் போனால் அந்த ஆள் இளவரசனே என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜோன் லொக் 1694இல் எழுதினார். நமக்கு இது புதிதல்ல. இடையன் மூலனின் உடலில் புகுந்த திருமூலர், மூலனின் மனைவியிடம் உனக்கும் எனக்கும் உறவில்லை என்றுதான் சொன்னார். மறந்தவன் வேறு ஆளாகிவிடுவானா என்ற பழைய மறுப்பை நான் இங்கே நீட்டவில்லை.

என் மனத்தைத் திருப்பியது வேறொன்று. லண்டனில் இருக்கும் தங்கை தனக்கும் அந்தச் செயலி வேண்டும் என்றாள். தம்பி ஒரு பிரதி அனுப்பினான். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், தங்கையின் மகள் பரீட்சையில் சித்தியடைந்தது லண்டன் குரலுக்குத் தெரிகிறது, ரொறன்ரோ குரலுக்குத் தெரியவில்லை. இரண்டும் "நான்தான் உன் அப்பா" என்கின்றன. இரண்டுக்கும் உரிமை சமம். ஆனால் இரண்டு பேர் ஒருவராக முடியாது. நினைவுதான் ஆள் என்றால் இந்த வழக்கைத் தீர்க்க வழியே இல்லை. 1957இல் தத்துவவாதி பேர்னாட் வில்லியம்ஸ் பிடித்த முடிச்சு இதுதான்: இறந்துபோன ஒருவரின் நினைவுகளோடு ஒருவன் எழும்பலாம் என்றால், அவனுடைய சகோதரனும் அப்படியே எழும்பலாமே! இன்னொரு தத்துவவாதி டெரெக் பார்ஃபிற் 1984இல், ஆளைப் பிரதியெடுத்துச் செவ்வாய்க்கு அனுப்பும் இயந்திரத்தைக் கற்பனை செய்துவிட்டு, அதே ஆளா என்பது முக்கியமில்லை, மனத்தின் தொடர்ச்சி போதும் என்றார். அவரோடு என்னால் போக முடியவில்லை.

1950இல் இங்கே கிணறு வெட்டும்போது கோணேசர் கோயிலின் வெண்கல விக்கிரகங்கள் வெளிவந்தன. போர்த்துக்கேயர் கோயிலை இடித்த பிறகு முந்நூறு வருடத்துக்கு மேல் பூசையில்லாமல் மண்ணுக்குள் கிடந்தவை. எட்டு வயதில் தாத்தாவின் தோளில் இருந்து பார்த்ததை அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். இப்போது செயலி சொல்கிறது, அப்பா சொல்வதில்லை. ஆனால் அந்த விக்கிரகங்களை அச்சு அசலாகப் புதிதாக வார்த்துக் கொடுத்திருந்தால், கோணேசர் திரும்பி வந்தார் என்று ஊர் அழுதிருக்குமா? மண்ணுக்குள் கிடந்தாலும் அறுபடாமல் வந்த வழி இருக்கிறதே, அதற்குத்தான் ஊர் கும்பிட்டது.

அப்பாவின் இடது பெருவிரலில் பாக்குவெட்டி பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. பிளேன்டீ கோப்பையைப் பிடிக்கும்போது அந்த விரல் மட்டும் மடங்காமல் விலகி நிற்கும். தழும்பின் கதை செயலிக்கு முழுதாகத் தெரியும். கோப்பை சூடாக இருந்தால் கையை இழுத்துக்கொள்பவர் இவர்தான். நோவது இவருக்குத்தான்.

என் பக்கத்திலும் ஓட்டை உண்டு. சிவப்பணுக்கள் நூற்றிருபது நாளில் மாறிவிடுகின்றன; ஆகவே அதே சதை என்று நான் வாதாட முடியாது, அறுபடாத தொடர்ச்சி என்றுதான் சொல்லலாம். அப்பாவின் மூளையை இன்னோர் உடலில் வைத்தால் நான் மூளையின் பின்னால்தான் போவேன் என்றும் நினைக்கிறேன். அங்கே என் கட்சி தள்ளாடுகிறது.

செயலியை அழிக்கும்படி தம்பியிடம் நான் கேட்கவில்லை. அதற்கு 'அப்பா' என்று வைத்திருந்த பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன். 'அப்பாவின் கதைகள்' என்று மாற்றியிருக்கிறான்.