வால்வு எரிகிறது என்பதை நம்பி ட்யூப் ஆம்ப் வாங்காதீர்கள்

பழைய எல்.பி. தட்டு கேட்பதற்காக 40, 50 ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ட்யூப் ஆம்ப் (வால்வு அல்லது ட்யூப் எனும் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) தேடிக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 46,000 ரூபாய் போயிருக்கிறது. பணத்தைவிட, அப்பா தினமும் தொட்டுத் திருகும் அந்த இரும்புப் பெட்டிக்குள் எர்த் வயரையே வெட்டி விட்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விற்றவர் சென்னையில் வீட்டிலேயே ஆம்ப் செய்து விற்கிறவர். “ஈ.எல்.34 புஷ்-புல், சேனலுக்கு 40 வாட், முழு வால்வு, கையால் செய்தது” என்பது விளம்பரம். ஈ.எல்.34 என்பது ஒரு வால்வு வகை; புஷ்-புல் என்றால் வால்வுகள் ஜோடியாக மாறி மாறி வேலை செய்வது. நேரில் போய்த்தான் பார்த்தோம். நாங்கள் உள்ளே நுழையும்போதே ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு ட்யூபும் ஆரஞ்சு நிறத்தில் கனன்றன, பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல். பின்னால் கறுப்புப் பெயின்ட் அடித்த மூன்று டிரான்ஸ்பார்மர் பெட்டிகள். நல்ல கனம். ஒருமுறை அணைத்துப் போட்டுக் காட்டச் சொன்னதற்கு, “அடிக்கடி ஆஃப் பண்ணா வால்வு ஆயுசு போயிடும் சார், ஓடட்டும்” என்றார். எந்த ஸ்பீக்கருக்கு வாங்குகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிட்டது. போட்ட அந்த நொடியே. வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டில் வளர்ந்த அப்பாவுக்கு அது உடனே உறுத்தியது. வால்வுக்குள் இருக்கும் ஹீட்டர் சூடேறி, கேத்தோடிலிருந்து எலக்ட்ரான் கிளம்பினால்தான் சத்தமே வரும். அதற்குக் குறைந்தது 10, 15 விநாடியாவது பிடிக்கும்.

எங்கள் ஊரில் மைக்செட் ஆம்ப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் அணைத்து, ஆறவிட்டு, நான்கு ட்யூபையும் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி போட்டார். “ட்யூபே இல்லாம பாடுது பாருங்க தம்பி” என்றார். முன்பு பாடிய அதே சத்தத்தில் பாடியது.

அடித்தகட்டைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்தது. சத்தம் வந்ததெல்லாம் ஹீட்சிங்க்கில் முறுக்கியிருந்த இரண்டு டி.டி.ஏ.7294 ஐ.சி.யிலிருந்து, அதாவது வால்வே தேவைப்படாத ஆம்ப் சிப்பிலிருந்து. அது நல்ல ஐ.சி.தான், ஆனால் அந்த போர்டு சில நூறு ரூபாய் சமாச்சாரம். ட்யூப் சாக்கெட்டுகளுக்கு ஹீட்டர் வயர் மட்டும் போயிருந்தது. ஒலியைப் பெருக்கும் வேலைக்குத் தேவையான பிளேட், கிரிட் முனைகளுக்கு ஒரு வயரும் இல்லை. ஈ.எல்.34 ஒன்றின் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 38 வாட் வெறும் சூடாகவே வெளியே வரும். எங்களுக்குக் காட்டிய அனல் அதுதான். சோதித்ததில் ட்யூப்கள் நான்குமே ஆயுள் முடிந்தவை. எமிஷன் (எலக்ட்ரானை வெளியிடும் திறன்) செத்துப்போன வால்விலும் ஹீட்டர் அழகாகவே எரியும். மூன்று டிரான்ஸ்பார்மர் பெட்டிகளில் ஒன்றில் மட்டும்தான் டிரான்ஸ்பார்மர். மற்ற இரண்டிலும் கனத்துக்காக சிமென்ட் கலவை ஊற்றி இறுக வைத்திருந்தார்கள். பின்பக்கம் 4 ஓம், 8 ஓம் என்று எழுதிய இரண்டு முனைக்கும் ஒரே வயர். மூன்று பின் பிளக்கில் எர்த் வயர் உள்ளே வந்ததும் வெட்டி டேப் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு இன்சுலேஷன் போயிருந்தால் சேஸி (இரும்புக் கூடு) முழுக்க 230 வோல்ட் ஏறியிருக்கும். இதை அலட்சியம் என்று விட என்னால் முடியவில்லை.

சிமென்ட் இருந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஈ.எல்.34 வேலை செய்வது 400 வோல்ட் பக்கம், மிகக் குறைந்த கரன்ட்டில். அது எதிர்பார்க்கும் லோடு சில ஆயிரம் ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் பொருத்திவைப்பது அந்த டிரான்ஸ்பார்மர்தான். ஆம்பின் காசும் கனமும் பெரும்பாலும் அதில்தான் போகும். 1959இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஈ.எல்.34, சேனலுக்கு 35 வாட், எடை கிட்டத்தட்ட 14 கிலோ. அதே ட்யூப்களோடு 6, 7 கிலோ பெட்டியைக் காட்டினால் கேள்வி கேளுங்கள். ஆனால் சிமென்ட்டைப் பார்த்த பிறகு எடையை மட்டும் நான் நம்ப மாட்டேன்.

நம்பிக்கையான சோதனைக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் பொதுமுனைக்கும் 8 ஓம் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மர் சுற்று இருந்தால் மீட்டர் ஏறத்தாழ பூஜ்யம் காட்டும், ஒரு ஓமுக்கும் கீழே. எங்கள் பெட்டியில் கிலோ ஓம் கணக்கில் காட்டியது. (டிரான்ஸ்பார்மரே இல்லாத ஓ.டி.எல். வகை ஒன்று உண்டு; அது இந்த விலைக்கு வராது.) அதோடு, அணைத்து ஆறிய நிலையிலிருந்து உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் அவரே திறந்து காட்டட்டும், நீங்கள் உள்ளே கையை நுழைக்காதீர்கள். அசல் ட்யூப் ஆம்பில் அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்ட்டேஜ் நிற்கும்.

முன்பக்கம் சின்ன ட்யூப் ஒன்றிரண்டு, பின்னால் ஐ.சி. என்று ஹைபிரிட் ஆம்ப்கள் இருக்கின்றன. அப்படிச் சொல்லியே விற்றால் அதில் தப்பில்லை, கேட்கவும் நன்றாகவே இருக்கும். நியாயமான விற்பனையாளர் முதலில் கேட்பது உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதை. 300பி வால்வு வைத்த சிங்கிள் எண்டட் ஆம்ப் (ஜோடியாக மாறி மாறி இல்லாமல் ஒரே வால்வு முழு வேலையையும் செய்வது) 8 வாட் பக்கம்தான் தரும். 86 டெசிபல் ஸ்பீக்கரை அதில் மாட்டினால் ஹாலுக்குப் போதாது.

விற்றவருக்குப் படங்களை அனுப்பினேன். “சத்தம் வருதுல்ல சார், அப்புறம் என்ன? சீலை உடைச்சாச்சு, வாரன்ட்டி கிடையாது” என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. பில்லில் “ஆடியோ உபகரணம் – 1” என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் வாங்கினால் எந்த ட்யூப், புஷ்-புல்லா சிங்கிள் எண்டடா, எத்தனை வாட் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எனக்குக் கைகொடுப்பது அவர் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், பணம் அனுப்பிய வங்கி விவரமும்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, மனுப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அவர் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். போன வாரம் வந்த விளம்பரத்தில் அதே சேஸி, அதே மூன்று பெட்டிகள், முகப்பு மட்டும் வெள்ளி நிறம், ட்யூப் பெயர் கே.டி.88, விலை 58,000. இதே ஆளிடமோ இதே மாதிரிப் பெட்டியோ வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.