13-ஆ, 11-ஆ: மலை ஏரிப் படகுக்கு எந்தப் புரொப்பல்லர்?

போன சீசனுக்கு முன்னால் எங்கள் ஏரிக்கு ஒரு பழைய ஃபைபர் படகு வந்தது. 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்), மூன்று றெக்கை அலுமினியப் புரொப்பல்லர், பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், 13 அங்குலம். கடலோரத்தில் ஓடிய படகு. 'முழு த்ராட்டிலில் 5600 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) தாராளமாகத் தொடும்' என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை, அங்கே தொட்டிருக்கும். நீலகிரியில் ஆறு பேரை ஏற்றி லீவரைக் கடைசி வரை தள்ளியும் முள் 4600-ஐத் தாண்டவில்லை. எஞ்சின் கையேடு கேட்பதோ 5000 முதல் 6000 வரை.

பிளக்கை மாற்றினோம், ஃபில்டரை மாற்றினோம், பெட்ரோலைக்கூட வடித்துப் பார்த்தோம். ஒரு வாரம் வீணானதுதான் மிச்சம். குறை எஞ்சினில் இல்லை, காற்றில். ஊட்டி இருப்பது சுமார் 2240 மீட்டர் உயரத்தில். இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வைத்தவர்களுக்குக் காற்றழுத்தம் குறைவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீத வலுவை இழக்கிறது. எங்கள் 40 குதிரையில் இங்கே வேலை செய்வது 31, 32 தான். இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது.

பிட்ச் என்பது, புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேற வேண்டும் என்ற கணக்கு. மரத்தில் ஏறும் திருகாணி மாதிரி. தண்ணீர் வழுக்கும் என்பதால் கணக்கில் உள்ள தூரம் முழுதாகக் கிடைக்காது. பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். விட்டத்தையும் மாற்றலாம்தான், ஆனால் அதில் ஒரு அங்குலம் என்பது பிட்சில் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சமம். அந்த விளையாட்டுக்கு நான் போகவில்லை.

11 பிட்ச் மாட்டினோம். அதே ஆறு பேர், அதே ஏரி: 5050. முன்பு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே பாதி ஏரியைக் கடந்த படகு, இப்போது சீக்கிரமே சமமாகி நீர்மேல் வழுக்க ஆரம்பித்துவிட்டது. ஓட்டும் பையனுக்குத்தான் முதல் நாள் பயம். "அண்ணே, எஞ்சின் ரொம்பக் கத்துதுண்ணே" என்றான். கையேட்டைக் காட்டினேன். கத்த வேண்டிய அளவுக்குத்தான் கத்துகிறது.

13-க்கு ஒரு நியாயம் உண்டு. ஓட்டுநர் மட்டும் போனால் அதுவே 5100 சுற்றும். வேகமும் 11-ஐவிட மணிக்கு மூன்று கிலோமீட்டர் போலக் கூடுதல். தனியாகச் சுற்ற வைத்திருப்பவர் மாற்றாமலே இருக்கலாம். ஆனால் சவாரிப் படகு காலியாக ஓடினால் காசு ஏது?

நான் 11 பக்கம் நிற்பதற்குக் காரணம் வேகமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. எஞ்சினின் ஆயுள். கல்லட்டி மலைப்பாதையில் நான்காவது கியரிலேயே ஏறி, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி முக்கும், தட்டும், சூடேறும். பெரிய பிட்ச் செய்வதும் அதுதான். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கிறது, சுற்று ஏறவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடுகின்றன, கரி படிகிறது, பிஸ்டனும் ரிங்கும் அடி வாங்குகின்றன. காரில் கியரைக் குறைக்கலாம். அவுட்போர்டில் முன்னே செல்ல ஒரே கியர்தான், குறைப்பதென்றால் புரொப்பல்லரைத்தான் மாற்ற வேண்டும். சவாரிக்கு வருகிறவர்கள் வேகம் கேட்பார்கள், பையன் நாள் முழுக்க லீவரைத் தள்ளியே வைத்திருப்பான். ஒரு பிஸ்டன் வேலைக்கு ஆகும் செலவில் அலுமினியப் புரொப்பல்லர் இரண்டு மூன்று வாங்கிவிடலாம்.

அதற்காக 9 வரை இறங்காதீர்கள். ஆள் இல்லாதபோது சுற்று 6000 எல்லையை ஒட்டிப் போகும், மீறினால் எஞ்சின் தானே வலுவை வெட்டிக்கொள்ளும்.

நான்கு றெக்கை, 10 பிட்ச் ஒன்றைத் தெரிந்தவரிடம் பத்து நாள் இரவல் வாங்கி ஓட்டினேன். திருப்பத்தில் பிடிப்பு அருமை, கிளம்பும் இழுப்பும் நன்றாக இருந்தது. உச்ச வேகம் ஒரு துளி குறைவு, விலை கூடுதல். பத்து நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை. எட்டு பேர் ஏறும் கனமான படகாக இருந்தால் அதையே முதலில் பார்த்திருப்பேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நான் மாட்டிப் பார்க்கவில்லை, மாட்டவும் மாட்டேன். மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் நீர்த்தேக்கங்களில் கோடை வந்தால் மட்டம் இறங்கி, பழைய மரக்கட்டைகள் தலைகாட்டும். அலுமினிய றெக்கை அடிபட்டால் மடங்கும், தட்டி நிமிர்த்தலாம். ஸ்டீல் எளிதில் மடங்காது, அந்த அடி ஷாஃப்டுக்கும் கியருக்கும் போகும்.

பழைய 13-ஐ விற்கவில்லை. சாக்கில் சுற்றி ஷெட்டில் தொங்குகிறது. நாளைக்குச் சமவெளிக்காரர் யாராவது படகை வாங்கினால், அங்கே 11 போட்டு முழு த்ராட்டில் கொடுத்ததும் முள் 6000-ஐ எட்டிவிடும். அவருக்கு 13 தான் சரி, படகோடு சேர்த்தே கொடுத்துவிடுவேன்.