டாலரில் முழுசாக வந்த ரீஃபண்ட், ரூபாயில் 1,619 குறைந்தது

தடைக்காலத்தில் போட் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டுக் கடையில் கார்டு போட்டு ஸ்பேர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. மண்டபத்தில் மச்சானின் விசைப்படகு சும்மா கிடந்தது. ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ கருவியின் சென்சார் போய்விட்டது. "மாப்ள, ஒன் கார்டுல போடு, கடலுக்குப் போனதும் தந்துர்றேன்" என்றார். வெளிநாட்டுக் கடையில் புது சென்சார் 400 டாலர். பொருந்தாமல் போனால் என்ன செய்வது என்று பேங்க் கஸ்டமர் கேரில் முன்கூட்டியே கேட்டேன். "ரீஃபண்ட் வந்தால் சார்ஜ் எல்லாம் தானாகவே ரிவர்ஸ் ஆகிவிடும் சார்" என்றார்கள். நம்பிப் போட்டேன்.

மூன்றாம் நாள் பழைய கேபிளைக் கழற்றிப் பார்த்தால், முனையில் இருக்கும் ஊசிகளின் (pin) எண்ணிக்கையே வேறு. உடனே கேன்சல் செய்தோம். கடைக்காரர் 400 டாலரையும் அப்படியே திருப்பிவிட்டார். அவர் மேல் குறை இல்லை.

அப்புறம் ஸ்டேட்மென்ட் வந்தது. போகும்போது டாலர் 83.50, ஆக 33,400 ரூபாய். அதன் கீழே ஃபாரக்ஸ் மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் வாங்கினால் பேங்க் பிடிக்கும் கட்டணம், 3.5 சதவீதம், 1,169. அதற்கும் கீழே அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 210.42. திரும்பி வரும்போது டாலர் 82.90, வரவு 33,160. அவ்வளவுதான். மார்க்கப்பும் வரவில்லை, ஜிஎஸ்டியும் வரவில்லை. ரேட்டில் போன 240-ஐயும் சேர்த்தால் 1,619.42.

திரும்ப போன் செய்தால் வேறு பதில்: ரீஃபண்ட் தனி டிரான்சாக்‌ஷன், அன்றைய ரேட்டில்தான் வரும், மார்க்கப் திரும்பாது, சார்ஜ் பட்டியலில் இருக்கிறதே என்கிறார்கள். இதை முதலில் சொல்லியிருந்தால் கேபிளைக் கழற்றிப் பார்த்துவிட்டே போட்டிருப்போமே! பணம் பெண்டிங்கில், அதாவது கடைக்குப் போய்ச் சேராமல், இருக்கும்போதே கடை ரத்து செய்தால் பிடித்துவைத்த தொகை விடுபட்டுவிடும், மார்க்கப் விழாது. செட்டில் ஆகி கடைக்குப் போய்விட்டால் கதை வேறு.

விலை ரூபாயில் காட்டினாலும் கவனம். கடை வெளிநாட்டில் பதிவானது என்றால் அதற்கும் பல பேங்குகள் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. கீழக்கரை, தொண்டிப் பக்கம் துபாய், மலேசியா ஹோட்டல் போட்டு கேன்சல் செய்பவர்களும் இதைப் பாருங்கள்.

போன் செய்த தேதி, நேரத்தோடு பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்தான். அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. மச்சான் 1,619-ஐத் தன் கணக்கில் எழுதச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். தப்பாகச் சொன்னது பேங்க், அவர்கள்தான் தரவேண்டும்.