12 வோல்ட்டா, 24 வோல்ட்டா: சிறு படகுக்கான டிரோலிங் மோட்டார்
டிரோலிங் மோட்டார் என்பது மீன்பிடிப் படகை மெதுவாக நகர்த்தும் சிறு மின்மோட்டார். ஆள், பேட்டரி, மீன்பெட்டி எல்லாம் சேர்ந்த படகின் ஒவ்வொரு 100 பவுண்டு எடைக்கும் குறைந்தது 2 பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எதிர்காற்றில் அதுவும் திணறும்.

12 வோல்ட் மோட்டார்கள் பெரும்பாலும் 55 பவுண்டு உந்துவிசையோடு நின்றுவிடுகின்றன. முழு வேகத்தில் அவை சுமார் 50 ஆம்பியர் இழுப்பதால், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 24 வோல்ட்டில் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும் என்பதால் கம்பி சூடாவது குறைகிறது; உந்துவிசையும் 80 பவுண்டு வரை கிடைக்கிறது. ஆனால் தொடராக இணைக்க வேண்டிய இரண்டாவது பேட்டரி, ஈய அமில வகையென்றால், ஏறத்தாழ 30 கிலோ கூடுதல் சுமை.

குளத்திலும் ஏரியிலும் ஓடும் 14 அடிக்குட்பட்ட படகுக்கு நான் 12 வோல்ட்டையே பரிந்துரைப்பேன். நீரோட்டம் வலுத்த ஆற்றுக்கு 24 வோல்ட்தான் பாதுகாப்பு.