பிஎல்டிசி ஃபேனா, காயில் ஃபேனா: மதுரை வீட்டுக்கு எது?

பிஎல்டிசி என்பது காந்தமும் எலெக்ட்ரானிக் போர்டும் சேர்ந்து ஓட்டும் புதுவகை ஃபேன்; காயில் ஃபேன் என்பது கெப்பாசிட்டர் வைத்த சாதா ஃபேன். பிஎல்டிசியை விற்கக் கடையில் சொல்லும் முதல் கணக்கே தப்பு. "சாதா ஃபேன் 75 வாட், இது 30 வாட். பாதிக்கு மேல மிச்சம்ணே" என்பார்கள். அந்த 75 வாட், பல வருஷமாக வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ஃபேன். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு, மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். அப்போதைய அட்டவணைப்படி, இறக்கை வீச்சு 1200 மி.மீ. உள்ள ஃபேன் ஒற்றை நட்சத்திரம் பெறவே வாட்டுக்கு 4 கன மீட்டர் காற்றை ஒரு நிமிஷத்தில் தள்ள வேண்டும். ஐந்து நட்சத்திரத்துக்கு 6. குறைந்தபட்சக் காற்று நிமிஷத்துக்கு 210 கன மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒற்றை நட்சத்திரக் காயில் ஃபேன் 52 வாட், ஐந்து நட்சத்திரம் 35. புதிதாக வாங்குபவருக்குப் போட்டி காயிலின் 52-க்கும் பிஎல்டிசியின் 30-க்கும்தான்.

தினம் 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் மிச்சம் சுமார் 21 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 105 ரூபாய். விலை வித்தியாசம் 1,200 என்றால் அது திரும்பிவர இரண்டு வருஷம். ஓடிக்கொண்டிருக்கும் 75 வாட் ஃபேனை மாற்றுவதானால் மிச்சம் 43 யூனிட்; 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விகிதமும் ஏறிவிடும்.

பிஎல்டிசி சந்தேகமே இல்லாமல் ஜெயிக்கும் இடம் லோ வோல்டேஜ். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 170, 180 வோல்ட் என்று இறங்கினால் காயில் ஃபேன் சோர்ந்துபோகும். பிஎல்டிசி வேகம் குறையாமல் சுற்றும். இன்வெர்ட்டரிலும் அப்படித்தான்: பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும், சதுர அலை இன்வெர்ட்டரில் காயில் ஃபேன் போடும் ரீங்காரமும் இருக்காது.

பழுது என்று வந்தால் கதை மாறுகிறது. காயில் ஃபேன் "ம்ம்" என்று முனகிக்கொண்டு நின்றால், குச்சியால் இறக்கையைத் தள்ளிவிடுங்கள். சுற்ற ஆரம்பித்தால் போனது 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான், நூறு ரூபாய்க்குள் முடியும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். காயில் எரிந்தாலும் வைண்டிங் கடையில் கட்டிக்கொள்ளலாம்.

பிஎல்டிசிக்கு உயிர் உள்ளே இருக்கும் போர்டில். அதைப் பெரும்பாலும் கொல்வது இரண்டு. ஒன்று, தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து லைன் 400 வோல்ட்டை நோக்கி ஏறுவது. இன்னொன்று சூடு. போர்டில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி ஏற ஏற ஆயுள் பாதியாகும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையின் கான்கிரீட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது வருஷம் போர்டு போனால், கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய். கரண்ட் மிச்சம் அத்தோடு காலி. 'எல்லா ஃபேனுக்கும் பொருந்தும்' என்று விற்கும் போர்டுகள் உண்டு. ஓடும், ஆனால் வேகம் ஒத்துப்போகாது, பழைய ரிமோட்டும் வேலை செய்யாது. எப்பாக்சி பசை ஊற்றி மூடிய போர்டு என்றால் மெக்கானிக் கையே வைக்க மாட்டார்.

பாதிப் பழுது மாட்டும்போதே தொடங்குகிறது. பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டு பிஎல்டிசியை மாட்டுகிறார்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல, கரண்டின் அலையை வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டுப்பட்ட கரண்ட் போர்டை வறுத்துவிடலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேராக இணைக்கச் சொல்லுங்கள்.

ஆக, இரவு முழுக்க ஓடும் படுக்கையறை, லோ வோல்டேஜ் ஊர், இன்வெர்ட்டர் வீடு என்றால் பிஎல்டிசி. எப்போதாவது போடும் வரவேற்பறை, அடிக்கடி நியூட்ரல் போகும் தெரு, வாடகைக்கு விடும் மாடி வீடு என்றால் ஒற்றை நட்சத்திரக் காயில் ஃபேனே போதும். இரண்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

வாரண்டியை நட்சத்திரத்தைவிட உன்னிப்பாகப் படிக்க வேண்டும். 'ஐந்து வருஷம்' மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் ரிமோட்டுக்கும் சேர்த்தா? ஆன்லைனில் பதிந்தால்தான் கூடுதல் வருஷமா? கம்பெனி கைவிரித்தால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அதற்கு பில் வேண்டும். கடையில் தருவது பெரும்பாலும் தெர்மல் தாள். பீரோவுக்குள் வைத்தாலும் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே பில்லையும் பெட்டியில் உள்ள சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.